கோல் விடாத குற்றம்

கால்பந்து ஆட்டத்தில் யார் ஜெயிப்பார்கள் என்பது ஆட்டம் முடிந்த பிறகுதான் தெரியும் என்று நம்புகிறவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். தென்புறநகர் தொழில்முறைக் கால்பந்துச் சங்கத்தில் அப்படி ஒரே ஒருவன்தான் இருந்தான். அவன் பெயர் ஷாகுல். அஸ்தினாபுரம் ஆரோஸ் அணியின் கோல்கீப்பர்.

அந்தச் சங்கத்தில் எல்லா அணிகளுக்கும் இப்படித்தான் பெயர். ஊர்ப் பெயரோடு மோனை பார்த்து ஓர் இங்கிலீஷ் சொல்லைக் கட்டிவைக்க வேண்டும் என்று பிராண்ட் ஆலோசகர் ஒருவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஒவ்வொரு அணிக்கும் ஒரு பாட்டு உண்டு, ஒரு சின்னம் உண்டு, இன்ஸ்டாகிராமைப் பார்த்துக்கொள்ளத் தனி ஆள் உண்டு. பந்து, தண்ணீர், உட்கார இடம் ஆகியவற்றில் மட்டும் சிறு குறைபாடுகள் இருந்தன.

ஷாகுலுக்கு முப்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. மறைமலை நகரில் ஒரு கம்பெனி தன் அணிக்குக் கீப்பர் தேடிக்கொண்டிருந்தது. ஆட்டமும் உண்டு, நிரந்தர வேலையும் உண்டு. சங்கத்தின் பதிவு அட்டையில் கரும்புள்ளி இல்லாமல் சீசனை முடித்துவிட்டு வந்தால் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். மிச்சம் இருந்தது ஒரே ஆட்டம், கோவிலம்பாக்கம் கோப்ராஸ் அணியோடு இறுதிப்போட்டி.

அந்த இறுதிப்போட்டியின் முடிவு ஒரு மாதம் முன்பே தெரிந்துவிட்டிருந்தது. கோப்ராஸ் தங்கள் வெற்றி விழாவுக்கு ஒரு பெரிய மனிதரை அழைத்திருந்தார்கள். அவருடைய தேதி கிடைப்பது லேசில்லை. தேதி கிடைத்துவிட்டது. கல்யாண மண்டபமும் கிடைத்துவிட்டது. இவ்வளவும் கிடைத்த பிறகு வெற்றி மட்டும் கிடைக்காமல் போனால் அந்தப் பெரிய மனிதரிடம் என்ன பதில் சொல்வது? எனவே சங்கம் இரு அணிகளையும் கலந்து பேசி, நிர்வாக வசதியை முன்னிட்டு, கோப்ராஸ் ஜெயிப்பது என்று ஏற்பாடு செய்தது. நடுவருக்குச் சொல்லியாயிற்று. ஆரோஸ் வீரர்கள் பத்துப் பேருக்கும் சொல்லியாயிற்று. ஷாகுலுக்கு மட்டும் முதல் நாள் மாலை மேனேஜர் மெர்வின் போன் செய்தார்.

"ஷாகுலு, நாளைக்கு மேட்ச்ல கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

"சரிண்ணா, பண்ணிக்கிறேன்."

"புரிஞ்சுதுல்ல?"

"புரிஞ்சுதுண்ணா. எனக்கு இதெல்லாம் புதுசா இன்னா?"

மெர்வினுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. இவ்வளவு பக்குவமான பையனா என்று ஆச்சரியம்கூடப் பட்டார்.

உண்மையில் ஷாகுல் புது கிளவுஸ் கேட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது. வலது கை கிளவுஸில் இரண்டு விரல் வெளியே எட்டிப் பார்த்தது. உடை மாற்றும் அறையில் பெஞ்சில் இடம் இல்லையென்றால் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ என்பார்கள். ஜெர்சி இரண்டு அளவு சின்னதாக வந்தால் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ என்பார்கள். கிளவுஸ் வராது என்பதைத்தான் அண்ணன் நாசூக்காகச் சொல்கிறார் என்று அவன் எடுத்துக்கொண்டான். அவன் மனைவி ருக்ஸானா பழைய ஜீன்ஸ் துணியை வெட்டி விரல்களைத் தைத்துக் கொடுத்தாள்.

"ஏங்க, ஃபைனலுக்குக்கூடவா புதுசு தரமாட்டாங்க?"

"அட்ஜஸ்ட் பண்ணிக்கச் சொல்லிட்டாரு."

"நீங்க எப்பத்தான் பண்ணாம இருந்தீங்க?" என்றாள் ருக்ஸானா.

மறுநாள் ஆட்டம் தொடங்கியது. ஆரோஸ் வீரர்கள் மிகுந்த ஈடுபாட்டோடு ஓடினார்கள், பந்து இல்லாத பக்கமாக. ஆம்புலன்சுக்கு வழிவிடுவதுபோல எதிரணிக்கு ஒதுங்கி நின்றார்கள். வெயிலில் களைத்துப்போய்விட்டார்கள் பாவம் என்று ஷாகுல் இரக்கப்பட்டு, வந்த பந்தையெல்லாம் தானே தடுத்தான். பொறுமையிழந்த நடுவர் காரணம் ஏதும் தேடாமல் ஒரு பெனால்டி கொடுத்தார். கோப்ராஸ் வீரன் ஷாகுலைப் பார்த்துச் சிரித்தான். மரியாதைக்கு ஷாகுலும் சிரித்தான். வீரன் குழந்தைக்கு உருட்டிவிடுவதுபோலப் பந்தை உருட்டினான். ஷாகுல் விழுந்து பிடித்தான். பிடித்த வேகத்தில் ஓங்கி ஓர் உதை விட்டான். எதிர்க் கோல்கீப்பர் தனக்கு இன்று வேலை இல்லை என்ற தைரியத்தில் கம்பத்தில் சாய்ந்து செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தான். பந்து அவன் தலைக்கு மேலே எகிறி உள்ளே போய் விழுந்தது.

ஆரோஸ் ஜெயித்துவிட்டது. மெர்வின் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். சந்தோஷம் தாங்கவில்லை போலிருக்கிறது என்று ஷாகுல் நினைத்துக்கொண்டான்.

சிக்கல் அதற்குப் பிறகுதான் வந்தது. 'வெற்றி வாகை சூடிய கோப்ராஸ்' என்று மேடவாக்கம் ரோட்டில் காலையிலேயே பேனர் வைத்துவிட்டிருந்தார்கள். தோற்ற அணி வாகை சூடிய படம் ஊர் முழுக்க எல்லார் போனிலும் போய்ச் சேர்ந்தது. பேனரை இறக்கிவிடலாம் என்றார் ஒருவர். பெரிய மனிதரின் படம் இருப்பதால் இறக்க முடியாது என்றார் இன்னொருவர். கால்பந்தில் சூது என்று மக்கள் கொதித்தார்கள். அஸ்தினாபுரத்துக்குச் சூது புதிதா என்றும் சிலர் கேட்டார்கள். வேறு வழியின்றிச் சங்கம் உண்மை கண்டறியும் குழு ஒன்றை அமைத்தது.

தாம்பரத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது அறையில் குழு கூடியது. தலைவர் ராஜகோபாலன், அரசாங்கத்தில் ஏதோ ஒரு துறையில் இணை இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தத் துறை என்று அவரும் சொல்வதில்லை. உறுப்பினர் பியூலா மேடம், தமிழ்ப் பேராசிரியை. வழக்கில் சிக்கியிருப்பது அட்ஜஸ்ட் என்ற இங்கிலீஷ் சொல் என்பதால் ஒரு தமிழறிஞர் தேவைப்பட்டார்.

நாற்காலி போதவில்லை. ஷாகுலைப் பார்த்து, "நீங்க கொஞ்சம் நின்னுக்கிட்டே அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க" என்றார் ராஜகோபாலன். ஷாகுல் நின்றான்.

முதலில் கோப்ராஸ் செயலாளர் ராஜாராமன் எழுந்தார். அவர் குரல் தழுதழுத்தது.

"சார், நாங்க நம்பிக்கை வெச்சோம். அவ்வளவு ஜனங்க முன்னாடி எங்களை ஏமாத்திட்டாங்க. எங்க பசங்க ரெண்டு நாளா சரியா சாப்பிடலை."

"ஏமாந்தது யாருன்னு தெளிவாயிடுச்சு" என்று குறித்துக்கொண்டார் ராஜகோபாலன். "இனி ஏமாத்தினது யாருன்னுதான் பார்க்கணும்."

மெர்வின் போனில் பதிவாகியிருந்த பேச்சைப் போட்டுக் காட்டினார்கள். ராஜகோபாலன் ஷாகுல் பக்கம் திரும்பினார்.

"சரின்னு சொன்னது உங்க குரல்தானே?"

"ஆமா சார். ஆனா நான் கிளவுஸுன்னு நெனச்சேன்."

"அவர் கிளவுஸுன்னு சொல்லலையே."

"கோல் விடுன்னும் சொல்லல சார்."

அறையில் எல்லாரும் முகம் சுளித்தார்கள். இப்படிப் பச்சையாகப் பேசும் ஆளை அவர்கள் பார்த்ததில்லை.

"இதையெல்லாம் யாராவது வாயால சொல்லுவாங்களா?" என்றார் மெர்வின் வேதனையோடு. "சொன்னா அது சூதாட்டம் ஆயிடாதா? நாங்க என்ன அந்த மாதிரி ஆளுங்களா?"

பியூலா மேடம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "அட்ஜஸ்ட் என்பதுக்குப் பல பொருள் உண்டு. ஆனா இங்கே 'கொஞ்சம்' என்ற அடை சேர்ந்திருக்கு. நம்ம வழக்குல கொஞ்சம்னா முழுசா என்று அர்த்தம். கொஞ்சம் உட்காருங்கன்னா பாதி உட்காருறோமா? கொஞ்சம் வாங்கன்னா பாதி வழியில நிக்கிறோமா? ஆகவே 'கொஞ்சம் அட்ஜஸ்ட்' என்றால் முழுமையாக விட்டுவிடுதல் என்றே பொருள்படும்."

"மேடம், நான் கீப்பர்" என்றான் ஷாகுல். "பந்து வந்தா பிடிக்கணும். அதுக்குத்தான என்னை வெச்சிருக்காங்க?"

"நீங்க பந்தைப் பிடிச்சதை யாரும் மறுக்கலையே" என்றார் ராஜகோபாலன். "குற்றச்சாட்டே அதுதான்."

அதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு பளபளக்கும் உடையில் சிலர் வந்து நின்றார்கள். ஆறு மணிக்கு அங்கே சும்பா நடன வகுப்பாம். "சார், நாங்க ஸ்பீக்கர் செட் பண்ணணும், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கறீங்களா?" என்றாள் அவர்களில் ஒரு பெண். குழு உடனே அட்ஜஸ்ட் பண்ணிக்கொண்டது. விசாரணையின் மீதிப் பகுதி விட்டுவிடப்பட்டு, ஸ்பீக்கரில் பாட்டைச் சோதித்துக்கொண்டிருந்தபோதே தீர்ப்பு வாசிக்கப்பட்டது.

மேற்படி கோல்கீப்பர், அணியின் கூட்டு முடிவுக்கு மாறாகத் தன்னிச்சையாகப் பந்தைப் பிடித்து, சங்கத்தின் நற்பெயருக்குக் களங்கம் விளைவித்தமை ஐயமற நிறுவப்பட்டுள்ளது. அவருக்கு இரண்டாண்டு விளையாடத் தடை. தெளிவாகப் பேசத் தவறிய மேனேஜர், தகவல் தொடர்புப் பயிற்சிக்கு அனுப்பப்படுகிறார். தம் பங்கைக் குறைவின்றிச் செய்த நடுவர் பாராட்டப்படுகிறார். மன உளைச்சலுக்கு ஆளான கோப்ராஸ் அணிக்கே கோப்பை வழங்கப்படுகிறது. விழா குறித்த தேதியில் நடைபெறும்.

ஷாகுலுக்கு மறைமலை நகர் வேலை போயிற்று. இரண்டு வருஷம் கழித்து அவனை யார் கீப்பராகச் சேர்ப்பார்கள்? ஆட்டமே போயிற்று. ருக்ஸானா தைத்துக் கொடுத்த கிளவுஸ் பைக்குள் இருந்தது. வாசலில் ராஜகோபாலன் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார். மனிதர் கெட்டவர் அல்ல.

"ரெண்டு வருஷம்தானே தம்பி. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க."

அந்தச் சொல்லின் அர்த்தம் ஷாகுலுக்கு அப்போதுதான் முழுமையாகப் புரிந்தது.

தாம்பரத்தில் கடற்கரை செல்லும் ரயில் காலியாக நின்றது. மூன்று பேர் உட்காரும் சீட்டில் நடைபாதை ஓரமாக உட்கார்ந்தான். வண்டி கிளம்புவதற்குள் கூட்டம் ஏறிவிட்டது. கழுத்தில் கம்பெனி அட்டை தொங்க, ஒருவர் போனில் கால்பந்து ஊழல் செய்தியைப் பார்த்துக்கொண்டே வந்து அவன் பக்கத்தில் நின்றார்.

"இந்த நாட்டுல எதுலதான் நேர்மை இருக்கு?" என்று பெட்டியைப் பார்த்துப் பொதுவாகக் கேட்டார். "ரெண்டு வருஷம் தடையாம். பத்தாது சார். இவனுங்களையெல்லாம் ஆயுசுக்கும் விளையாட விடக்கூடாது."

"கரெக்ட்" என்றார் ஜன்னலோரம் இருந்தவர். "ரூலுன்னா ரூலு."

அட்டைக்காரர் குனிந்து ஷாகுலின் தோளைத் தொட்டார். "அண்ணா, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க. நாலு பேர் உக்காரலாம்."

"இது மூணு பேர் சீட்டு" என்றான் ஷாகுல்.

"எல்லாரும் அப்படித்தாண்ணா உக்காருறாங்க."

"முடியாதுங்க."

பெட்டியில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஜன்னலோரம் இருந்தவர் தானே கொஞ்சம் நகர்ந்து காட்டி, "இன்னா மனுஷன்யா இவன், ரூல் பேசிகினு" என்றார். இந்த மாதிரி ஆட்களால்தான் நாடு உருப்படாமல் போகிறது என்று பின்னாலிருந்து ஒரு குரல் சொன்னது. அட்டைக்காரர் போனில் பார்த்த ஊழல்காரர்கள் மேல் இருந்த கோபத்தை அப்படியே ஷாகுல் மேல் திருப்பி, முறைத்துக்கொண்டே நின்றுவந்தார்.

பல்லாவரம் வந்ததும் ஷாகுல் எழுந்தான். அவன் விட்ட இடத்தில் இரண்டு பேர் உட்கார்ந்துகொண்டார்கள்.