ஹர்ஷினிக்கு ஏற்ற டிரைவிங் ஸ்கூல்: ஓர் ஆய்வறிக்கை

மகளுக்கு டிரைவிங் ஸ்கூல் தேர்ந்தெடுப்பதை ஒரு தனித் துறையாகவே வளர்த்தெடுத்த முதல் தகப்பன் யார் என்று வருங்காலம் தேடினால், அது அதிகம் அலைய வேண்டியதில்லை. திருப்பதியில், அலிபிரி போகும் சாலைக்கு இரண்டு தெரு தள்ளி, முதல் மாடியில் இருக்கிறேன். பெயர் வேதாச்சலம். ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் 'குவாலிட்டி' பார்க்கிறேன். என் கையெழுத்து இல்லாமல் அங்கிருந்து ஒரு போல்ட்டு கூட வெளியே போகாது.

விஷயம் இதுதான். என் மைத்துனன் கிரண்குமார் குவைத்துக்குப் போகும்போது தன் வெள்ளைக் காரை எங்கள் மகள் ஹர்ஷினியின் பெயருக்கு மாற்றிவிட்டுப் போனான். ஆர்.சி.யும் சாவியும் அவள் கையில். பதினெட்டு முடிந்த நாலாம் நாளே அவள் எல்.எல்.ஆர். என்கிற பழகுநர் உரிமம் போட்டுவிட்டாள். அது ஆறு மாதம்தான் செல்லும். அதற்குள் ஓட்டக் கற்று, லைசென்ஸ் வாங்கி, தனியாகச் சித்தூர் போய்ச் சிநேகிதிகளைப் பார்க்க வேண்டும் என்பது அவள் ஆசை. 'தனியாக' என்பதை மூன்று முறை சொன்னாள். நான் குறித்துக்கொண்டேன்.

"தெரு முனைலயே ஒரு ஸ்கூல் கீது நைனா. நாளைக்கே சேந்துக்கறேன்" என்றாள்.

"கிட்ட கீதுன்னா சேந்துடறதா? ஆடிட் பண்ண வேணாம்?"

"டிரைவிங் ஸ்கூலுக்கு இன்னா ஆடிட்டு?"

"ஒரு போல்ட்டுக்கே நாங்க நாப்பது கேள்வி கேக்கறோம். நீ என் பொண்ணும்மா!"

இதைக் கேட்டு என் மனைவி சிவசங்கரி நெகிழ்ந்துபோயிருக்க வேண்டும். எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

அன்றே நாற்பத்திரண்டு கேள்விகள் கொண்ட படிவம் தயாரானது. கையால் தொட்டுப் பார்க்காமல் ஒரு பொருளை 'அப்ரூவ்' செய்வது எங்கள் துறையில் மகாபாவம். ஆகவே ஒவ்வொரு ஸ்கூலிலும் 'டெமோ கிளாஸ்' என்கிற இலவச வகுப்பை நானே ஓட்டிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. எனக்குக் கார் ஓட்டத் தெரியாதே என்று சிலர் கேட்கலாம். முன்முடிவு எதுவும் இல்லாத ஆய்வாளர் கிடைப்பது எவ்வளவு அரிது என்று அவர்களுக்குத் தெரியாது. சட்டத்தை மதிப்பவன் என்பதால் எனக்கும் ஒரு எல்.எல்.ஆர். போட்டுக்கொண்டேன். ஹர்ஷினிக்குப் பின் சீட். படிவத்தை நிரப்பும் பொறுப்பு முழுக்க முழுக்க அவளிடமே ஒப்படைக்கப்பட்டது.

முதல் ஞாயிறு, தெரு முனை ஸ்கூல். அங்கே கங்கையா மாஸ்டர் ஒவ்வொரு கிளாசுக்கும் முன்னால் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்.

"பிரேக் நல்லா இருந்தா பழம் எதுக்கு மாஸ்டர்?"

"பிரேக்கு மேல நம்பிக்க இருந்தா நான் ஏன் சார் பழம் வாங்கப் போறேன்?"

நேர்மைக்குப் பத்துக்குப் பத்து, பிரேக்குக்குப் பூஜ்யம். இவ்வளவு முரணான மதிப்பெண் வந்தால் மறு ஆய்வு செய்வது முறை. மேலும் மூன்று ஞாயிறு அங்கேயே போனேன்.

பிறகு சித்தூர். அங்கே ஜெபகுமார் மாஸ்டரின் காரில் ரிவர்ஸ் கியரே விழவில்லை.

"நம்ம ஸ்கூல்ல முன்னேற்றம் மட்டும்தான் அண்ணா" என்றார்.

"எதிர்ல செவுரு வந்துட்டா?"

"எறங்கித் தள்ளிக்கலாம். ஒடம்புக்கும் நல்லது."

சுவர் வந்தது. நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ள, மாஸ்டரும் ஹர்ஷினியும் இறங்கித் தள்ளினார்கள். பயிற்சிக் காலத்தில் ஹர்ஷினி ஒரு காரை நகர்த்தியது அதுவே முதல் முறை என்பதைப் பெருமையுடன் பதிவு செய்கிறேன்.

இன்னொரு ஸ்கூலில் நான் பிரமாதமாக ஓட்டினேன். இறங்கும்போதுதான், மாஸ்டரின் காலடியிலும் ஒரு பிரேக்கும் கிளட்சும் இருப்பதும், அரை மணி நேரமாக ஓட்டியது அவர்தான் என்பதும் தெரிந்தது. இந்த அவமானத்தைத் துடைக்க அங்கே ஐந்து ஞாயிறு போக வேண்டியதாயிற்று.

மே மாதம் எங்கள் ஊர்த் திருவிழாவான கங்கம்மா ஜாத்திரையும் வந்து போனது.

"நைனா, நாலு மாசம் ஆயிப்போச்சி. நான் இன்னும் ஸ்டியரிங்க தொடவே இல்ல" என்றாள் ஹர்ஷினி.

"பாதுகாப்பு விஷயத்துல அவசரம் கூடாதும்மா."

"மாஸ்டருங்கல்லாம் என்னிய உன் பி.ஏ.ன்னு நெனச்சிக்கினு கீறாங்க. எனக்கு அழுவையா வருது."

சிவசங்கரி கேட்டாள்: "நீங்க ஸ்கூல் பாக்கறீங்களா, இல்ல ஸ்கூலுக்குப் போய்க்கினு கீறீங்களா?"

ஆய்வைப் புரிந்துகொள்ளாதவர்களிடம் கோபப்படுவது எனக்குப் பழக்கமில்லை. கதவை மட்டும் கொஞ்சம் சத்தமாகச் சாத்தினேன்.

ஜூலையில், அவள் எல்.எல்.ஆர். முடிவதற்கு முதல் நாள், அறுபது பக்க அறிக்கையைக் குடும்பத்தின் முன் சமர்ப்பித்தேன். ஒன்பது ஸ்கூல்களும் 'ரிஜெக்ட்'. ஒன்றுகூட என் மகளுக்குத் தகுதியானதில்லை.

"அப்ப நான்?" என்றாள் ஹர்ஷினி.

"கடைசிப் பக்கம் பாரு."

கடைசிப் பக்கத்தில் ஒரு லைசென்ஸ் ஒட்டியிருந்தது. படத்தில் நான் மெல்லச் சிரித்துக்கொண்டிருந்தேன். டெஸ்ட் எப்படி இருக்கும் என்று தெரியாமல் ஸ்கூலை மதிப்பிடுவது எப்படி? ஆகவே ஒரு நாள் லீவு போட்டு அதற்கும் போய் ஓட்டிப் பார்த்தேன். ஆய்வின் வேகத்தில் பாஸாகிவிட்டேன்.

"இனிமே உனக்குக் கவலையே இல்ல கண்ணு. சித்தூரோ, எதுவோ, நீ சொல்லு. நைனா இட்டுக்கினு போறேன். தனியா போற கஷ்டம் உனக்கு இல்லவே இல்ல!"

அவள் உள்ளே போய் ஆர்.சி.யையும் சாவியையும் எடுத்து வந்தாள். சாவியை என் கையில் வைத்தாள். நன்றியுணர்ச்சி என்பதை அன்றுதான் நேரில் கண்டேன்.

"வா நைனா, ஒரு எடத்துக்குப் போவணும்."

பெல்ட் போட்டு, கண்ணாடி சரிபார்த்து, அவள் சொன்ன திருப்பங்களில் எல்லாம் இண்டிகேட்டர் போட்டுத் திரும்பினேன். யாரும் என்னைத் திட்டவில்லை. அவள் நிறுத்தச் சொன்ன இடம் ஒரு போலீஸ் ஸ்டேஷன். 'மகளிர் பாதுகாப்பு' பற்றி ஏதோ விவரம் கேட்கப் போகிறாள் என்று நினைத்து, காரிலேயே காத்திருந்தேன். அவள் ஆர்.சி.யோடு இறங்கி, வாசலில் நின்ற கான்ஸ்டபிளிடம் போனாள். ஜன்னல் திறந்திருந்ததால் பேச்சு நன்றாகவே கேட்டது.

"கார் திருடு போயிடுச்சி சார். ஆர்.சி. என் பேர்லதான் கீது, பாருங்க."

"யார் மேலயாவது சந்தேகம் கீதாம்மா?"

"சந்தேகமே இல்ல சார். அதோ, வண்டிக்குள்ள பெல்ட்டு கூட அவுக்காம உக்காந்துக்கினு கீறாரே, அவருதான்."