எட்டுக் கல், ஒன்பது பேர்

இறந்தவர்களை நினைவில் வைத்திருப்பது லேசுப்பட்ட காரியமில்லை. அதற்கு ஷாமியானா வேண்டும், மைக் செட் வேண்டும், யார் பக்கத்தில் யார் உட்காருவது என்று ஒரு பட்டியல் வேண்டும். சாதாரண ஜனங்களால் ஆகிற வேலையா இது? அதனால்தான் ரேணிகுண்டாவைத் தாண்டி இருக்கும் கல்லோடைப் பாலத்தில் செத்துப்போன ஒன்பது பேரை நினைக்கும் பொறுப்பை ஓர் ஆபீஸ் ஏற்றுக்கொண்டிருந்தது. கார்த்திகை மாதத்தில் ஒரு நாள், காலை பத்தரை மணிக்கு அந்த ஆபீஸ் ஆறாத் துயரத்தில் ஆழ்ந்துவிடும். பதினொன்றே காலுக்குக் கரையேறிவிடும்.

விபத்து நடந்து எட்டு வருஷம். அடைமழையில் ஒரு ஒர்க்‌ஷாப் வேன் பாலத்தில் சறுக்கி ஓடைக்குள் விழுந்தது. பாலத்தின் கிழக்கு ஓரத்தில் இடுப்பளவுக்குக் கைப்பிடிச் சுவர் இருந்தது. மேற்கு ஓரத்தில் இல்லை. வேன் விவரம் தெரியாமல் மேற்குப் பக்கமாகச் சறுக்கிவிட்டது.

சுவர் இல்லாத குறையை ஆபீஸ் உடனே உணர்ந்து, அந்த ஓரத்தில் ஒரு நினைவுக் கல்லை வைத்தது. அந்த வட்டாரத்தில் சிலாபலகம் என்பார்கள். பளபளவென்று கருங்கல் பலகை, அதைத் தாங்க கம்பி போட்டுக் கட்டிய கான்கிரீட் பீடம். திறந்து வைத்தவர், தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர்கள் என்று பதினாலு பெயர்கள் பொன் எழுத்தில் மின்னின. அடியில், புல் வளராத மாதங்களில் மட்டும் படிக்கக்கூடிய அளவில், ‘வேன் விபத்தில் மறைந்த ஒன்பது பேர் நினைவாக’ என்று இருந்தது.

அந்த ஒன்பது பேரில் ஒருவன் ஜெகநாதன். அவன் மனைவி சுந்தராம்பாள் திருப்பதி அலிபிரியில் ஒரு ஓட்டல் அடுக்களையில் காய் நறுக்குகிறாள். அரக்கோணத்துப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். கல்லில் புருஷன் பெயர் இல்லையே என்று அவள் அழுது ஓய்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. இப்போது அவளுக்கு வேறு கவலை. மகள் அக்ஷயாவுக்கு அப்பன் வேலை பார்த்த ஒர்க்‌ஷாப்பிலேயே வேலை கிடைத்திருந்தது. தினமும் ஒர்க்‌ஷாப் வேனில், அதே பாலத்தைத் தாண்டித்தான் போகிறாள். வானம் கறுத்தால் சுந்தராம்பாளுக்குக் கத்தி வெங்காயத்தில் இறங்காது.

அதனால் அவள் மேற்கு ஓரத்துக்குச் சுவர் கேட்டு மனுக் கொடுத்தாள். அந்த ஆபீஸின் உதவிப் பொறியாளர் ஹரிபிரசாத் தங்கமான மனிதர். யாரையும் ‘முடியாது’ என்று சொல்லி அனுப்பியதே கிடையாது.

“சுவர் ஃபைல் இங்க இல்லம்மா. ஜில்லாவப் பிரிச்சப்போ பாலம் திருப்பதிக்கு வந்துட்டுது. ஃபைல் சித்தூர்லயே நின்னுட்டுது.”

அவள் சித்தூருக்குப் பஸ் ஏறினாள். ஃபைல் பத்திரமாக இருந்தது. “ஆனா பாலம் எங்களது இல்லியேம்மா” என்றார்கள்.

திரும்பி வந்தாள். “ரெண்டையும் ஒரே ஜில்லாவுல வைங்க சார். பொண்ணு தெனம் போய்க்கினு வர்றா. மழயிலயும் அதே பாலந்தான்.”

“நியாயந்தான். அதுக்குத் தனியா ஒரு மனு எழுதிக் குடுத்துட்டுப் போங்க, பாக்கலாம்.”

“இது பதினேழாவது மனு சார்.”

“ஒரே விஷயத்துக்குப் பதினேழு மனு குடுத்தா ஆபீஸ் எதைன்னு பாக்கும்? ரேப்பு ராண்டி. நாளைக்கு வாங்க.”

இப்படி இரண்டு வருஷம் நாளைகளாகவே போயிற்று. அந்தச் சமயத்தில்தான் மண்டலத்தில், அதாவது அந்த ஊர் ஒன்றியத்தில், ஒரு பெரும் அநீதி வெளியே வந்தது. நினைவுக் கல்லில் மண்டலத் துணைத் தலைவர் பெயர் விட்டுப்போயிருந்தது! அவர் பாலத்தின்மேல் பாயை விரித்து உட்கார்ந்துவிட்டார். “புரோட்டோகால் மீறல்” என்று பேப்பரில் வந்தது. ஒன்பது பேர் செத்த செய்தி வந்ததைவிடப் பெரிய எழுத்தில் வந்தது.

ஆபீஸ் பதறியது. சரியாகப் பதினோராவது நாள் அவர் பெயரில் இரண்டாவது கல் எழுந்தது. அதே அகலம், அதே உயரம். நடுவில் இடைவெளி விட்டால் மரியாதைக் குறைவாகிவிடும் என்று முதல் கல்லை ஒட்டியே கட்டினார்கள்.

வேடிக்கை பார்க்க வந்த சுந்தராம்பாள், எல்லாரும் போன பிறகு இரண்டாவது கல்லைக் காலால் ஒரு உதை விட்டாள். கால்தான் வலித்தது. கல் அசையவில்லை. அவள் பாலத்தின் ஓரத்தைச் சாண் போட்டு அளந்தாள். மறுபடியும் அளந்தாள். இன்னும் ஆறு கல் வைத்தால் ஓரம் முழுக்க அடைந்துவிடும்.

அன்றிலிருந்து சுந்தராம்பாள் சுவர் கேட்பதை நிறுத்தினாள். ஓட்டல் வேலை முடிந்ததும், கல்லில் பெயர் விட்டுப்போன பெரிய மனிதர்களின் வீடு வீடாகப் போக ஆரம்பித்தாள். முதலில் வியாபாரிகள் சங்கத் தலைவர்.

“ஐயா, கல்லோடக் கல்லுல உங்க பேரு இல்லியே. படிச்சுப் பாத்ததுலருந்து எனுக்குச் சோறு எறங்கல.”

“எந்தக் கல்லு?”

“ஒம்பது பேரு செத்தாங்களே ஐயா.”

“செத்தது யாரா வேணா இருந்துட்டுப் போவட்டும். என்னை வுட்டுட்டாங்களா?”

“எதிர் வூட்டுக்காரர் பேரு இருக்குது ஐயா. தங்க எழுத்துல.”

அந்த மாதமே மூன்றாவது கல் வந்தது. அதைப் பார்த்த லாரி உரிமையாளர் சங்கத்துக்கு நான்காவது. முன்னாள் தலைவர்கள் தங்களை இந்நாளிலும் மதிக்க வேண்டும் என்றதால் ஐந்தாவது. ஐந்தாவதில் ‘முன்னாள்’ என்ற சொல்லைச் சிறிதாகப் போடவில்லை என்று ஆறாவது.

ஏழாவது கல் இளைஞர் அணித் தலைவர் அஷ்வினுக்கு. துக்கத்திலும் புது மோஸ்தர் வேண்டாமா? அவர் கறுப்புச் சட்டை போட்டு, வெறும் காலோடு நடந்து வந்து, கல்லில் கையை வைத்துக் கண்ணை மூடினார். மூடியது சரியில்லை என்று நாலு தடவை எடுத்தார்கள். ‘கல்லோடை ஒன்பது பேர், மறக்க மாட்டோம்’ என்று எழுதி, சோக சங்கீதம் சேர்த்து ரீல்ஸாக விட்டார்கள். நாற்பதாயிரம் பேர் இதயம் போட்டார்கள். சட்டை எந்தக் கடையில் எடுத்தது என்று முந்நூறு பேர் கேட்டார்கள்.

ஆனால் எட்டாவது கல்லுக்கு ஆள் கிடைக்கவில்லை. சுந்தராம்பாள் பக்கத்து மண்டலம் வரைக்கும் அலைந்தாள். பதவியில் இருந்தவர், இருப்பவர், இருக்கப்போவதாகச் சொல்லிக்கொள்பவர் எல்லாரும் ஏற்கெனவே பொன் எழுத்தில் இருந்தார்கள். நடுவில் மூன்றடி இடைவெளி மட்டும் பல் விழுந்த இடம் மாதிரி திறந்து கிடந்தது. வேன் விழுந்த அதே இடம். அங்கே பள்ளம் என்பதால் எவரும் தம் கல்லை அங்கே வைக்கச் சம்மதிக்கவில்லை.

அக்ஷயாதான் சொன்னாள்: “ஏம்மா, செத்தவங்க பேரப் போடச் சொல்லேன். நைனா பேரும் வந்த மாதிரி இருக்கும்.”

சுந்தராம்பாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை நாளாக அது அவளுக்கே தோன்றவில்லை.

ஹரிபிரசாத் மிகுந்த வருத்தத்தோடு தலையை ஆட்டினார். “கல்லுல பேரு வரணும்னா பதவி இருக்கணும். இவங்களுக்கு என்ன பதவி?”

“செத்துப் போனாங்களே சார்.”

“அது பதவி இல்லியேம்மா.”

டீ கொண்டுவந்த அட்டெண்டர் பாலையா குறுக்கே சொன்னார்: “சிறப்பு அழைப்பாளர்னு போட்டுக்கலாமே சார்.”

“அழைச்சா விழாவுக்கு வரணும். வராதவங்க பேரைக் கல்லுல போட முடியாது.”

“போன தடவ பதினாலு பேருல பன்னண்டு பேரு வரல சார். மந்திரி வர்றாருன்னு ஏர்போர்ட்டுக்குப் போயிட்டாங்க.”

ஹரிபிரசாத் யோசித்தார். முன்னுதாரணம் இருந்தால் ஆபீஸ் எதையும் செய்யும். அவர் பேனாவைத் திறந்தார். “சரி, ஒம்பது பேரையும் சொல்லுங்க.”

“ஃபைல்ல இருக்குமே சார்.”

“ஃபைல்தான் சித்தூர்ல இருக்குதே.”

சுந்தராம்பாள் விரலை மடக்கினாள். “ஜெகநாதன். முனிசாமி. ஜெபகுமார். சபீனா. சம்பத்குமார். வேங்கடேஷ். வேதா. நாமகிரி...” ஒன்பதாவது விரல் மடங்கவில்லை. மறுபடியும் எண்ணினாள். எட்டுதான் வந்தது. ஏழு கல்லிலும் உள்ள எழுபத்திரண்டு பெயர்களையும் பதவியோடு, வரிசை பிசகாமல் சொல்லக்கூடியவள் அவள். ஒன்பதாவது ஆள் ஒர்க்‌ஷாப்பைச் சேர்ந்தவன் இல்லை, அன்றைக்கு மழையில் வழியில் கை காட்டி ஏறிக்கொண்ட ஒரு பையன் என்பது மட்டும் ஞாபகம் வந்தது. பெயரை அப்போதும் யாரும் கேட்டதில்லை. அவளும் கேட்டதில்லை. மனசு சுருக்கென்றது. ஆனால் ஐப்பசி மழை ஆரம்பித்திருந்தது.

“எட்டு பேரைப் போடுங்க சார். ஒம்பதாவது வரி சும்மா இருக்கட்டும். கல்லு சீக்கிரம் வந்தாப் போதும்.”

கல் வந்தது. பள்ளத்தைச் சேர்த்து, மற்ற ஏழையும் விட ஆழமாகக் கடைகால் போட்டார்கள். எட்டுப் பெயர்கள், அதன் கீழே வழவழவென்று ஒரு காலி இடம்.

அந்தக் காலி இடத்தை ஹரிபிரசாத் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். ஏழு கல் வைத்தவர் அவர். ஒன்றிலும் அவர் பெயர் இல்லை. கல்தச்சர் உளியைப் பையில் போடப் போனபோது மெதுவாகக் கூப்பிட்டார். “ஏம்ப்பா, இவ்வளவு இடம் வீணாப் போகுதே.”

நினைவு நாள் வந்தது. ஷாமியானாவுக்குக் கீழே பொன் எழுத்துக்காரர்கள் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். பாலையா மைக்கில், கல்லைப் பார்த்துப் பார்த்து, உருக்கமாகப் படித்தார்: “இந்தக் கோர விபத்தில் நம்மை விட்டுப் பிரிந்த ஜெகநாதன் அவர்கள்... முனிசாமி அவர்கள்...” எட்டும் முடிந்தது. “ஹரிபிரசாத், உதவிப் பொறியாளர் அவர்கள்... ஆகியோரின் ஆன்மா சாந்தியடைய இரண்டு நிமிடம் எழுந்து நிற்போம்.”

எல்லாரும் எழுந்தார்கள். வழக்கப்படி ஹரிபிரசாத்தும் எழுந்து தலை குனிந்தார். ஒரு நிமிடம் ஆன பிறகுதான் அவருக்கு உறைத்தது.

“யோவ் பாலையா! அத அழிக்கச் சொல்லுய்யா!”

“முடியாது சார். சிலாபலகத்துல இருக்கிற பேர எடுக்கணும்னா சம்பந்தப்பட்டவரோட வாரிசுங்க எழுதிக் குடுக்கணும். நீங்கதானே சர்க்குலர் போட்டீங்க?”

ஹரிபிரசாத் ஜீப்பில் போய் உட்கார்ந்து, புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்து, சாப்பிட ஆரம்பித்தார்.

கூட்டம் கலைந்தது. அப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த ஒரு நடுவயதுப் பெண் கையில் சாமந்திச் சரத்தோடு ஓரத்தில் நின்றாள். ஊத்துக்கோட்டைப் பக்கம், பெயர் கிருஷ்ணம்மா என்றாள்.

“எம் புள்ள சந்துரு. ரேணிகுண்டால வேல கேட்டுட்டு வரேன்னு போனான், எட்டு வருசம் ஆச்சு. இங்க கேட்டா அங்க போவச் சொன்னாங்க, அங்க கேட்டா இங்க. போன மாசம் பக்கத்து வூட்டுப் பொண்ணு போன்ல ஒருத்தரு கல்லப் புடிச்சிக்கினு கண்ண மூடுனாரு பாரு, அதக் காட்டுச்சு. அதே நாளு, அதே மழ. ஆஸ்பத்திரில வெச்சிருந்த பழைய போட்டோவக் காட்டுனாங்க. அவந்தான்.” கொஞ்சம் மூச்சு வாங்கினாள். “அவன் பேரப் போடுவாங்களாம்மா?”

சுந்தராம்பாள் திரும்பிப் பார்த்தாள். முனைக்கு முனை எட்டுக் கல்லும் ஒரு விரல் சந்து இல்லாமல் நின்றன. இனிமேல் கல் வைக்க இடமும் இல்லை, அவளுக்குத் தேவையும் இல்லை.

“இடமில்லியேம்மா” என்றாள். “ஒரு மனு எழுதிக் குடுத்துட்டுப் போ. பாக்கலாம்.”

சொன்ன பிறகு, வாயில் எதையோ கடித்துவிட்டவள் போல அவள் நிறுத்திக்கொண்டாள்.

“எனுக்கு எழுதத் தெரியாதும்மா. ஒம்பது பேருன்னு சொன்னாங்க. எண்ணத் தெரியும்.” கிருஷ்ணம்மா எட்டாவது கல்லின் முன்னால் குந்தி, மேலிருந்து ஒவ்வொரு வரியாக விரலை வைத்து எண்ணிக்கொண்டே வந்தாள். ஒன்பதாவது வரியில் விரல் நின்றது. அந்த எழுத்துக்களை முந்தானையால் துடைத்து, சரத்தைச் சாத்தி, நெற்றியை அதன்மேல் வைத்துக்கொண்டு அழுதாள். எட்டு வருஷ நினைவு நாட்களில் அந்தப் பாலத்தில் ஒருவர் நிஜமாக அழுதது அப்போதுதான். ஜீப்பில் இருந்த ஹரிபிரசாத் புளியோதரைப் பொட்டலத்தை மடித்து வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒர்க்‌ஷாப் வேன் மத்தியான ஷிப்டுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்தது. ஈரப் பாலத்தில் லேசாக மேற்கே இழுத்து, கல்வரிசையை ஒட்டி நேராகி, போயிற்று. ஜன்னலில் அக்ஷயா கையசைத்தாள். சுந்தராம்பாளும் அசைத்தாள்.

கிருஷ்ணம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். “உம் பொண்ணா?”

“ஆமா.”

“பத்திரமாப் போய்க்கினு வரட்டும்மா” என்றாள் கிருஷ்ணம்மா.