இடப்பக்கம் பேசாத ஹெட்போன்

குறைகேட்பு அலுவலகம் என்று ஒன்று இருந்தால் அங்கே யாராவது குறையைக் கேட்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள், அலுவலக நடைமுறை தெரியாதவர்கள். முறைப்படி நடப்பது இதுதான். பொதுமக்கள் தொலைபேசியில் குறையைச் சொல்வார்கள். முன்னறையில் இருக்கும் இரண்டு பேர் பதில் சொல்வார்கள். இயந்திரம் இரண்டையும் பதிவு செய்யும். பின்னறையில் தட்டச்சர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்தப் பதிவைக் கேட்டு டைப் அடிப்பாள். மேலாளர் அந்தத் தாள்களை எண்ணி மேலிடத்துக்கு அறிக்கை அனுப்புவார். குறை தீர்ந்ததா என்று கேட்கும் பொறுப்பு இந்த வரிசையில் யாருக்கும் ஒதுக்கப்படவில்லை.

தட்டச்சர் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. தற்காலிகப் பணி. ஆறு மாதம் பிழையில்லாமல் வேலை பார்த்தால் நிரந்தரம், ஒரு பிழை கண்டுபிடிக்கப்பட்டாலும் வீட்டுக்குப் போகலாம் என்று ஆணையில் தெளிவாக எழுதியிருந்தது. அந்த நிரந்தரத்தை நம்பித்தான் அவளும் வீட்டுக்காரரும் ஓர் அறை வீட்டை விட்டு இரண்டு அறை வீட்டுக்கு மாறியிருந்தார்கள். இரண்டாவது அறையில் இன்னும் ஒரு பாய்கூட இல்லை. சுற்றி வளைக்காமல் சொன்னால், அவளுக்கு அந்த நிரந்தர ஆணை எப்படியும் வேண்டியிருந்தது.

முந்தைய தட்டச்சர் விட்டுப்போன ஹெட்போன்தான் அவளுக்குக் கிடைத்தது. காதை மூடும் மெத்தை உரிந்து உரிந்து கறுப்புச் செதிலாக உதிரும். சாயந்திரம் வீட்டுக்குப் போனால் காதைச் சுற்றி எறும்பு மொய்த்த மாதிரி இருக்கும். மற்றபடி வேலை சுலபம். "சொல்லுங்க." நீண்ட மௌனம். "அது எங்க பிரிவு இல்லைங்க." இன்னும் நீண்ட மௌனம். "அப்படியெல்லாம் பேசக் கூடாதுங்க." அதற்குப் பிறகு ஒரு பெரிய மௌனம். "சரிங்க, பார்க்கிறோம்." கேட்டதைக் கேட்டபடி அவள் அடித்தாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் முன்னால் இவர்கள் இவ்வளவு யோசிக்கிறார்களே என்று முன்னறைக்காரர்கள் மேல் அவளுக்கு மரியாதையே வந்துவிட்டது.

அப்புறம் ஒரு நாள் மேலிடத்திலிருந்து கேடயம் வந்தது. பெரிய கேடயம். வாசல் கதவில் நுழையாமல் சாய்த்து எடுத்து வந்தார்கள். கூடவே ஒரு பாராட்டுக் கடிதம்: "கடந்த மூன்று மாதங்களில் தங்கள் அலுவலகம் வழங்கிய பதில்கள் நாலாயிரத்துச் சொச்சம். பதிவான குறைகள்: இல்லை. கேட்கப்படாமலே பதில் வழங்கும் தங்கள் முன்னோடிச் சேவை முதலிடம் பெறுகிறது."

அன்று சாயந்திரம் மெத்தையை ஒட்டவைக்கலாம் என்று ஹெட்போனைக் கைப்பைக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தாள். வீட்டுக்காரர் டிவி ரிப்பேர் செய்பவர். வாங்கி ரேடியோவில் சொருகிப் பார்த்தார்.

"இதுல இடது பக்கம் செத்துப்போய் ரொம்ப நாளாச்சே. நீ எப்படி வேலை பார்க்கிற?"

"எனக்கு நல்லாத்தானே கேட்குது?"

"என்ன கேட்குது?"

அவள் சொன்னாள். மௌனங்களைப் பற்றியும் சொன்னாள். அவர் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார்.

"இங்க பாரு. போன்ல ரெண்டு பேர் பேசுறதைப் பதிவு பண்ணும்போது, ஒருத்தர் குரலை இடது பக்கமும் இன்னொருத்தர் குரலை வலது பக்கமும் பிரிச்சு வைப்பாங்க. நீ மூணு மாசமா உங்க ஆபீஸ் பேசினதை மட்டும் அடிச்சிருக்க."

"அப்போ ஜனங்க?"

"ஜனங்க எல்லாரும் இடது பக்கம்."

நாலாயிரம் மௌனமும் ஒரே நேரத்தில் அவளைப் பார்த்துப் பேச ஆரம்பித்த மாதிரி அவளுக்கு இருந்தது. ஒரு ஒயரைப் பற்றவைத்தால் போதும், இரண்டு நிமிஷ வேலை என்று அவர் சொன்னார். ஆபீஸ் சாமான், கேட்காமல் தொடக் கூடாது என்று பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலையில் முதல் வேலையாக மேலாளரிடம் போய் உண்மையைச் சொன்னாள். அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"வீட்டுக்காரருக்கு சார்."

"அவர் அரசு ஊழியரா?"

"இல்ல சார். டிவி ரிப்பேர்."

"அப்படின்னா விஷயம் இன்னும் வெளிய போகலை. ஊழியர் அல்லாதவருக்குத் தெரிஞ்சது தெரிஞ்சதா ஆகாது."

"நல்ல ஹெட்போன் ஒண்ணு வாங்கிக் குடுங்க சார். மூணு மாசப் பதிவையும் மறுபடி கேட்டு முழுசா அடிச்சுக் குடுத்துடறேன்."

மேலாளர் கெட்டவர் அல்ல. பொறுமையாக விளக்கினார். "மறுபடி அடிச்சா, முதல்ல அடிச்சது பிழைன்னு ஆகும். பிழைன்னா உங்க ஆணைப்படி உங்களை அனுப்பணும். பிழையோட அடிச்சவங்களை அனுப்பிட்டா, பிழையில்லாம அடிக்க ஆள் இருக்காது. இப்ப சொல்லுங்க, பிழை இருக்கா?"

அவள் இரண்டாவது அறையை நினைத்துப் பார்த்தாள். "இல்ல சார்," என்றாள்.

விஷயம் அதோடு அமுங்கிப் போயிருக்கும். ஆனால் முதலிடம் பெற்றவர்களை மேலிடம் சும்மா விடுவதில்லை. எந்த உத்தியால் இந்தச் சாதனை என்று விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. எழுத்தில் பொய் சொல்வதில்லை என்பது மேலாளரின் கொள்கை. "சிறப்பு வகை ஹெட்போன்" என்று ஒரே வரியில் பதில் எழுதினார். அடுத்த வாரமே ஆணை வந்தது. நாடு முழுவதும் உள்ள குறைகேட்பு அலுவலகங்களுக்கும் மேலிடத்துக்கும் அதே தன்மையுள்ள, காதை முழுக்க மூடும் ஹெட்போன்களைக் கடைநிலை, இடைநிலை, உயர்நிலை என மூன்று நிதி வரம்புகளுக்கு ஏற்பத் தேர்ந்தெடுத்துப் பரிந்துரைக்க வேண்டும். தேர்வுக் குழுத் தலைவர், மேலாளர். ஹெட்போன் வல்லுநர், தட்டச்சர்.

"பரிந்துரை போற அன்னிக்கே உங்க நிரந்தர ஆணையும் நம்ம அலுவலகத் தலைவர் மேஜைக்குப் போகும்," என்றார் மேலாளர்.

குழு கடைக்குப் போனது. கடைக்காரர் முதலில் மலிவானதை எடுத்து வைத்தார்.

"உள்ளதைச் சொல்லிடறேன் சார். இது வேண்டாம். பத்து நிமிஷத்துல காது வேர்த்துக் கொட்டும். மடிக்கிற இடத்துல ஒயர் நைஞ்சு, ரெண்டே மாசத்துல ஒரு பக்கம் நின்னுடும்."

"எந்தப் பக்கம்?" மேலாளர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

"பெரும்பாலும் இடது பக்கம்தான். ஒயர் அங்கதானே ஏறுது."

"எழுதிக்கோங்கம்மா. கடைநிலை. தானாகவே இயங்கும்."

கடைக்காரர் தன் வாழ்நாளில் அந்தச் சரக்குக்கு இப்படி ஒரு மரியாதையைப் பார்த்ததில்லை. உற்சாகமாக அடுத்ததை எடுத்தார். "இது நடுத்தரம். மெத்தை பஞ்சு மாதிரி இருக்கும். மூட்டெல்லாம் இரும்பு. அஞ்சு வருஷத்துக்கு ஒண்ணும் ஆகாது."

மேலாளர் முகம் வாடியது. "அஞ்சு வருஷமா? அதுவரைக்கும் ஜனங்க பேசிக்கிட்டே இருப்பாங்களே."

தட்டச்சர் அதை வாங்கி மாட்டிப் பார்த்தாள். கடைக்காரர் ஏதோ ஒரு பாட்டைப் போட்டார். வலது பக்கம் வாத்தியம். இடது பக்கம் ஒரு பெண் பாடினாள். மூன்று மாதமாகத் தூங்கிக் கிடந்த காதுக்குள் யாரோ வந்து பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருந்தது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு தெளிவாக ஒரு ஆள் பேசுவதைக் கேட்க முடியும் என்பதே மறந்துபோயிருந்தது.

"சார், இது ஒண்ணை மட்டும் அப்படியே எனக்கு..."

"இடது ஒயரை வெட்டித் தர முடியுமா?" என்று மேலாளர் கடைக்காரரைக் கேட்டுக்கொண்டிருந்தார். "வெட்டினது தெரியக் கூடாது. அரசு வேலை."

"வெட்டலாம் சார். வெட்டினா உத்தரவாதம் போயிடும்."

"எங்களுக்கு வெட்டினாத்தான் உத்தரவாதம்."

அப்புறம் விலை உயர்ந்தது வெளியே வந்தது. கண்ணாடி அலமாரி, பூட்டு, சாவி, வெல்வெட் பெட்டி. வெளிச் சத்தத்தை அடியோடு அடைக்கும், பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது, உள்ளே வருவது மட்டும் ஊசி விழுந்தாலும் கேட்கும் என்றார் கடைக்காரர்.

"தலைமை அதிகாரிக்கு ஊசி எதுக்கு?" என்றார் மேலாளர். "பதவி ஏற ஏறக் கேட்கிறது குறையணும். இல்லேன்னா பதவி உயர்வுக்கு என்ன அர்த்தம்? இதுல சார்ஜ் தீர்ந்துட்டா என்ன ஆகும்?"

"ரெண்டு பக்கமும் ஒண்ணும் கேட்காது சார். வெளிச் சத்தமும் அவ்வளவா வராது."

"சார்ஜர் இல்லாம குடுங்க."

பரிந்துரை போனது. அவள் கையெழுத்தும் அதில் இருந்தது. வல்லுநர் என்ற சொல்லுக்கு மேலே.

அதற்குப் பிறகு நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. கடைக்காரர் வாசலில் "அரசுத் தேர்வு பெற்ற ஹெட்போன்" என்று பலகை மாட்டினார். ஒரே வாரத்தில் தெருமுனை வரை வரிசை நின்றது. பஸ்ஸில் பாதிப் பேர் இடது பக்கம் பேசாத ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தார்கள். வீட்டில் இருந்த பழைய நல்ல ஹெட்போனைக் கொண்டுவந்து வெட்டிக்கொண்டு போனவர்களும் உண்டு. வெட்டக் காசில்லாதவர்கள் இடது காதில் பஞ்சு வைத்துக்கொண்டார்கள். இடப்பக்க அமைதியால் ரத்தக் கொதிப்பு குறைகிறது என்று ஒரு வார இதழ் எழுதியது. கணவனுக்கு வலப்பக்கம் உட்காரும் உரிமை யாருக்கு என்று மாமியாரும் மருமகளும் பேச்சுவார்த்தை நடத்திய வீடுகள் பல.

இந்தக் கூத்தைப் பார்க்கப் பார்க்கத் தட்டச்சருக்குத் தாங்கவில்லை. வேலை போனாலும் போகட்டும் என்று ஒரு நாள் நேராக அலுவலகத் தலைவர் அறைக்குள் போனாள். தலைவர் உயர்நிலை ஹெட்போனை மாட்டிக்கொண்டு நிர்மலமான முகத்தோடு உட்கார்ந்திருந்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். இறந்துபோன இடது பக்கம், நாலாயிரம் மௌனம், கடையில் வெட்டிய ஒயர், ஒன்றையும் விடவில்லை. தலைவர் இடையிடையே தலையாட்டினார். அவள் முடித்ததும், "ரொம்ப சந்தோஷம்மா. இப்படித்தான் உழைக்கணும்," என்று சொல்லி அவளுடைய நிரந்தர ஆணையில் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது, கேட்காதது அவர் பாடு என்று அவள் மனசைத் தேற்றிக்கொண்டாள். ஆணையை மடித்து ஜாக்கிரதையாகக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். அந்த வாரமே இரண்டாவது அறைக்குக் கட்டில் வந்தது.

பதினோராவது நாள் மேலிடத்துக் கடிதம் வந்தது. நாட்டின் எல்லா அலுவலகங்களிலிருந்தும் "குறைகள்: இல்லை" என்று அறிக்கை வந்துவிட்டதாம். "குறையே இல்லாத நாட்டில் குறைகேட்பு அலுவலகங்கள் தேவையா என்று பரிசீலிக்கப்பட்டது. தேவையில்லை என முடிவாகியுள்ளது. அனைத்து அலுவலகங்களும் இம்மாத இறுதியில் மூடப்படுகின்றன. நிரந்தர ஊழியர்களும் நிரந்தரமாக விடுவிக்கப்படுகிறார்கள்."

அலுவலகத்தில் அன்று முதல்முறையாக ஐந்து பேருக்கும் குறை வந்தது. மேலிடத்தில் ஊழியர்களுக்கென்று ஒரு தொலைபேசி எண் உண்டு. ஒவ்வொருவராகப் பேசினார்கள். தலைவர் எதிர்முனையில் என்ன பதில் வந்தது என்று தெரியாமலே அரை மணி நேரம் முறையிட்டார். முன்னறைக்காரர்கள் இருவருக்கும் குறை சொல்லிப் பழக்கமில்லை. வாய் தவறி "சரிங்க, பார்க்கிறோம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்கள். மேலாளர் கெஞ்சினார். கடைசியாகத் தட்டச்சர் போனைப் பிடித்தாள். கட்டில், வாடகை, கண்ணீர் எல்லாவற்றோடும் முழு உண்மையையும் கொட்டினாள். எதிர்முனைக் குரல் அன்பாகக் கேட்டுக்கொண்டது. ஆவன செய்வதாகச் சொன்னது.

ஒரு வாரத்தில் பதில் வந்துவிட்டது. மேலாளர் எல்லாரையும் கூட்டி உரக்கப் படித்தார்.

"அலுவலக மூடல் குறித்துத் தங்கள் ஊழியர்களோடு ஐந்து உரையாடல்கள் நடந்தது எழுத்துவடிவில் எங்கள் பார்வைக்கு வந்தது. ஐந்திலும் எங்கள் தரப்புப் பதில்கள் கனிவாகவும் தெளிவாகவும் உள்ளன. தங்கள் தரப்பில் ஒரு குறையும் பதிவாகவில்லை. மூடலுக்கு மனமார ஒத்துழைப்பு நல்கிய தங்களுக்கு நன்றி."

மேலாளர் கடிதத்தைத் திருப்பி மறுபக்கம் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை.

"மேலிடத்துல டைப்பிஸ்ட்டுக்கு எந்த ஹெட்போன் குடுத்திருப்பாங்க?" என்று கேட்டார்.

"இடைநிலை சார். நாமதான் எழுதினோம்."

"அதானே பார்த்தேன்," என்றார் மேலாளர். "கடைக்காரன் ஒயரை என்ன சுத்தமா வெட்டியிருக்கான் பாருங்க. ஒரு வார்த்தை தப்பலை."

வேலை போன அந்த நிலையிலும் அவர் குரலில் ஒரு பெருமை இருந்தது. கையெழுத்துப் போட்ட வல்லுநருக்கும் அதில் ஒரு துளி பங்கு உண்டு என்று தோன்றத்தான் செய்தது. ஒரு விநாடிதான். ஆனால் தோன்றியது.