செத்தவீட்டுக்குத் திறந்த கோட்டை வாசல்

கரம்பொன்,
ஊர்காவற்றுறை.
19.05.2005

ரொறொன்ரோவில் சீரோடு வாழும் மருமகன் றஜீபனுக்கு,

கரம்பொன்னிலிருந்து மாமா பஸ்ரியாம்பிள்ளை எழுதிக்கொள்வது. இங்கே நானும் மாமி ஜசிந்தாவும் ஆண்டவர் கிருபையால் சுகம். உம்முடைய சுகத்துக்கும், நிறைமாதமாக இருக்கும் என் மகள் நிலக்சனாவின் சுகத்துக்கும் அந்தோனியாரை மன்றாடுகிறோம். மாமிக்கு இருமல் குறைவு. கிணற்றுத் தண்ணீர் இன்னும் உவர்க்கவில்லை. மாடு நாகு கன்று போட்டிருக்கிறது. எழுதக்கூடிய நல்ல செய்தி இவ்வளவுதான். இனி ஒரு கதிரையில் இருந்துகொண்டு வாசியும். பக்கத்தில் நிலக்சனா இருந்தால் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, அவள் இல்லாத நேரம் பார்த்து எடுத்து வாசியும்.

மருமகன், உம்முடைய கோட்டை போய்விட்டது.

நீர் மாசி மாதம் வந்து நின்றபோது, சிவபாதத்தின் கொமினிக்கேசன் கடைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போய், உலகம் முழுக்க உள்ள ஆட்கள் கொம்பியூட்டரில் ஒன்றாகச் சேர்ந்து விளையாடும் அந்த மந்திர தேசத்தைக் காட்டினீர். அதற்கு முன்னம் நாங்கள் இரண்டு பேரும் கதைத்த கதை முழுவதையும் ஒரு தபாலட்டையில் எழுதிவிடலாம். "சாப்பிட்டீரோ?" "ஓம் மாமா." "வெய்யில் கூட என்ன?" "ஓம் மாமா." அன்றைக்குத்தான் நீர் மூன்று மணித்தியாலம் வாய் ஓயாமல் கதைத்தீர். மூன்று வருடமாகக் கட்டிய கோட்டை, அதற்குள் நாற்பது பேர் கொண்ட படை, மலைக்கு அந்தப் பக்கம் எலும்புக்கூட்டு அரசன் என்று ஒரு எதிரி. எனக்கு அரைவாசி விளங்கவில்லை. ஆனால் மருமகன் கதைக்கிறாரே என்று தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டலை நம்பித்தான், பிள்ளை பிறந்து கொஞ்சம் வளரும்வரை அந்தப் படையை நடத்தும் உம்முடைய தளபதியை என் கையில் தந்துவிட்டுப் போனீர். "மாமா, நீங்கள் ஒண்டும் செய்யத் தேவையில்லை. வாசலை மட்டும் பூட்டி வையுங்கோ" என்று, வான் வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திய பிறகும் கண்ணாடியைக் கீழே இறக்கிச் சொன்னீர். நல்ல நினைவாக இருக்கிறது. அதனால்தான் வெட்கமும் கூட.

முப்பத்தெட்டு வருடம் கடலுக்குப் போனவன், முழங்கால் கைவிட்ட பிறகு கரையில் நின்று மற்றவர்களின் வள்ளங்களைப் பார்த்து வயிறெரிந்துகொண்டிருந்தவன், அந்தத் தேசத்தில் ஒரு ஏரியும், ஏரியில் ஒரு வள்ளமும், வள்ளத்தில் ஒரு தூண்டிலும் இருப்பதைக் கண்டால் என்ன செய்வான்? நாகங்களை வெட்ட வேண்டிய உம்முடைய தளபதி, பொன் கவசமும் கொம்பு வைத்த தொப்பியும் போட்டபடி, இரண்டரை மாதமாக மீன் பிடித்தார். அங்கே சோளகக் காற்றும் இல்லை, வாடைக் காற்றும் இல்லை, எந்தப் பக்கம் போட்டாலும் மீன் ஏறுகிறது. "இப்பிடி ஒரு கடலிருந்தால் தொழில் தெரிஞ்சவனும் கெட்டுப்போவான்" என்று சிவபாதத்துக்குச் சொல்லிவிட்டு, அடுத்த நாளும் எட்டு மணிக்கே போய் இருந்தேன். முதல் மீனைக் கோயிலுக்குக் கொடுக்கும் வழக்கத்தையும் விடவில்லை. அங்கிருந்த ஒரே கோயிலில் வைத்தேன். அது எங்கள் எதிரி கும்பிடும் மூன்று தலை ஓநாயின் கோயில் என்றும், நான் வைத்த மீனால் ஓநாய்க்குப் பலம் கூடிக்கொண்டு போகிறது என்றும் உம்முடைய படையிலுள்ள போலந்துக்காரர் ஒருவர் எழுதியபோது பங்குனி முடிந்துவிட்டது. படைக் கூட்டத்தை நீர் "கில்ட்" என்று சொன்னதை நான் எங்கள் கடற்றொழிலாளர் சங்கமாகவே எடுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை ஒருவரும் தொழிலுக்குப் போகக்கூடாது என்று அறிவித்தேன். படையிலிருந்த பிலிப்பைன்ஸ்காரர் கைதட்டினார்கள். போலந்துக்காரர் எழுதியதைச் சிவபாதம் மொழிபெயர்க்க மாட்டேன் என்றுவிட்டார். சண்டை என்று வந்தபோதெல்லாம் நான் செத்தேன். அறுபது எழுபது தரம் இருக்கும். செத்தவர் ஐந்து நிமிடத்தில் கோயில் வாசலில் எழும்பி வருவது அந்தத் தேசத்து ஒழுங்கு. இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளும், பிறகு தேவைப்படும்.

இதற்கிடையில் எனக்குக் கண்ணில் படர்ந்த வெள்ளையை ஒப்பரேசன் செய்து எடுத்தது உமக்குத் தெரியும். "அப்பா, மூண்டு மாசத்துக்கு டீவியும் பாக்கக்கூடாது, கொம்பியூட்டரும் பாக்கக்கூடாது. எனக்குச் சத்தியம் பண்ணித் தாங்கோ" என்று நிலக்சனா போனில் கேட்டாள். பண்ணிக் கொடுத்தேன். அந்தப் போனைச் சிவபாதத்தின் கடையில்தான் கதைத்தேன், போனை வைத்துவிட்டுத் திரும்பிப் பக்கத்துக் கதிரையில் இருந்து தளபதியை எழுப்பினேன். மாமிக்கு, காலமைப் பூசைக்குப் போகிறேன் என்று சொல்லி வைத்திருந்தேன். மாமிக்கு அந்தச் சந்தோசம் தாங்கவில்லை. தன் பெயரால் கொளுத்தச் சொல்லி ஒவ்வொரு நாளும் ஒரு மெழுகுதிரி தந்துவிடுவாள். நான் அதை எங்கே கொளுத்துவது? சிவபாதத்தின் மேசை லாச்சிக்குள் போட்டேன். ஒரு நாள் கரண்ட் நின்று போக, சிவபாதம் அத்தனை மெழுகுதிரியையும் எடுத்துக் கடை முழுக்கக் கொளுத்தி வைத்திருந்த நேரம் பார்த்து, மகளுக்குப் போன் எடுக்க மாமி உள்ளே வந்தாள். திரிகளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "அந்தோனியார் எப்ப இங்கை குடிவந்தவர்?" என்று கேட்டாள். அன்று தொடக்கம் எனக்குக் குழம்பில் மீனின் தலைப்பக்கம் கிடைப்பதில்லை. ஆனால் காலில் விழாத குறையாகக் கெஞ்சியதில், மகளுக்கு மட்டும் சொல்லமாட்டேன் என்று ஒப்புக்கொண்டாள்.

அந்தத் தேசத்தில் எனக்கு ஒரு சிநேகிதம் கிடைத்தது. கறுப்பம்பு என்று பெயர் வைத்த வில்லாளி. மார்பு வரைக்கும் தாடி. உம்முடைய படையில் ஒருவர்தான். தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பார். எந்த ஊர் என்று கேட்டேன், "குளிரான ஊர்" என்றார். ஜேர்மனிப் பக்கத்துத் தம்பி ஒருவராக்கும் என்று விட்டுவிட்டேன். நான் செத்து எழும்பும் நேரமெல்லாம் கோயில் வாசலில் எனக்காகக் காத்து நிற்பார். "ஐயா, கண்ணுக்கு மருந்து விட்டாச்சோ?" என்று கேட்காமல் ஒரு நாளும் தொடங்கமாட்டார். ஒரு மணித்தியாலம் முடிந்தால், "காணும் ஐயா, வீட்டை போங்கோ" என்று கலைத்துவிடுவார். இந்தக் காலத்தில் இப்படி ஒரு மரியாதையான பிள்ளையைப் பெற்றவர்கள் கொடுத்து வைத்தவர்கள் என்று நானே அவருக்கு எழுதியிருக்கிறேன். ஒரு நாள், என்ன நினைப்பில் சொன்னேனோ தெரியாது, நிலக்சனா சின்னப்பிள்ளையாக இருந்தபோது வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போகச் சொல்லி வாரக்கணக்காக அழுததையும், பொம்பிளைப் பிள்ளை வள்ளத்தில் ஏறினால் தொழில் கெட்டுப்போகும் என்று நான் ஒரு தரமும் ஏற்றாமல் விட்டதையும், அவள் கனடாவுக்குப் பிளேன் ஏறிய அன்றைக்கு எனக்கு அந்த அழுகைதான் காதில் கேட்டது என்பதையும் அந்தத் தம்பிக்குச் சொன்னேன். இதை ஜசிந்தாவுக்கும் நான் சொன்னதில்லை. அவர் அன்றைக்கு ஒரு மணித்தியாலம் முடிந்தும் என்னைக் கலைக்கவில்லை. பிறகு, "என்னை ஏத்திக்கொண்டு போறீங்களோ ஐயா?" என்று கேட்டார். அன்று தொடக்கம் தினமும் வள்ளத்தின் முன்பக்கத்து அணியத்தில் அவர், பின்பக்கத்துக் கடையாரில் நான்.

கோட்டையை நான் கவனிக்கவே இல்லை என்று நினைக்க வேண்டாம். கறுப்பம்பும் நானும் யோசித்து, எந்த மூலையில் எத்தனை பேரை நிறுத்துவது என்று ஒரு கடதாசியில் கீறி, "வடக்கு வாசலால் விடியக்காலமை அடிப்பான்" என்று கீழே எழுதி, அந்தக் கடதாசியைச் சேட்டுப் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போகும் வழியில் சோதிக்கும் கடற்படைக் காவலரணுக்குள் நேரே நடந்து போனேன். இந்தத் தீவில் பிறந்து, பாஸ் இல்லாமல் மலசலகூடத்துக்கும் போகாத காலத்தையெல்லாம் கண்ட கிழவன் செய்கிற வேலையா இது? சோதித்தவர் கடதாசியை விரித்தார். உள்ளேயிருந்து ஒரு இளம் அதிகாரி வந்து, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஐயா, எத்தனை லெவல்?" என்று கேட்டார். லீவில் வீட்டுக்குப் போனால் தம்பியோடு சேர்ந்து அவரும் விளையாடுகிறாராம்! பேனையை எடுத்து வடக்கு வாசலில் ஒரு வட்டம் போட்டு, "இது பூட்டணும் ஐயா. எப்பவும் பூட்டணும்" என்று சொல்லிக் கடதாசியைத் திருப்பித் தந்தார். ஆக, மருமகன் சொன்னார், கடற்படையும் சொன்னது. பூட்டச் சொல்லி எனக்குச் சொல்லாதவர் எலும்புக்கூட்டு அரசன் ஒருவர்தான்.

இனிச் செவ்வாய்க்கிழமைக் கதை. ஏரியில் நின்றோம். எனக்குத் தூண்டிலில் பெரியதொன்று கொழுவி இழுபறி நடக்கிறது. அந்த நேரம் பார்த்துத் தண்ணீருக்குள்ளிருந்து முதலைத் தலையோடு ஒரு பாம்பு எழும்பியது. கறுப்பம்பு இரண்டு அம்பு விட்டார். மூன்றாவதை விடவில்லை. வில்லைப் பிடித்தபடி மரம்போல நின்றுவிட்டார். நான் வாளை எடுத்திருக்க வேண்டும். மீனை விட மனம் வரவில்லை, மருமகன். உள்ளதைச் சொல்கிறேன். பாம்பு அவரை விழுங்கிவிட்டது. ஐந்து நிமிடத்தில் எழும்புவார்தானே என்று கோயில் வாசலுக்கு ஓடினேன். ஐந்து போனது, பத்துப் போனது, அரை மணித்தியாலமும் போனது. ஆள் எழும்பவே இல்லை.

எங்கள் ஊரில் ஒரு சாவு விழுந்தால் அடக்கம் முடியும்வரை ஒரு வள்ளமும் கடலுக்கு இறங்காது. செத்தவீட்டுப் படலைக் கதவை ஒருவரும் பூட்டுவதும் இல்லை. பகையாளி என்றாலும் அன்றைக்கு உள்ளே வந்து கைகொடுத்துவிட்டுப் போகலாம். வேறு விதமாகச் செய்ய எனக்குத் தெரியாது. சிவபாதத்தைக் கொண்டு ஆங்கிலத்தில் அடிப்பித்தேன்: "இன்று எங்கள் சங்கத்தில் ஒரு சாவு. ஒருவரும் தொழிலுக்குப் போகக்கூடாது. ஆயுதங்களைக் கீழே வைத்துவிட்டு முற்றத்தில் இருக்கவும்." அன்றைக்குப் போலந்துக்காரரும் எதிர்த்துக் கதைக்கவில்லை. வந்து நின்ற அத்தனை பேரும் வரிசையாகத் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார்கள். நான் போய் என் கையாலேயே வடக்கு வாசலை அகலத் திறந்து வைத்தேன். கால் மணித்தியாலம் ஆகவில்லை, எலும்புக்கூட்டு அரசன் பெரும் படையோடு வந்தார். பார்த்தீரோ, செய்தி அதற்குள் மலைக்கு அந்தப் பக்கமும் போயிருக்கிறது, மனிதர் ஊரையே கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார் என்று எனக்கு மனம் நிறைந்துபோனது. வாசலுக்குப் போய்க் கையை நீட்டினேன். அவரும் ஒரு கணம் நின்று தலையைக் குனிந்தார். பிறகு கோடரியை எடுத்தார். "அண்ணை, அவர் துக்கம் விசாரிக்க வரேல்லைப் போலை கிடக்கு" என்று சிவபாதம் சொல்லும்போது என் தலை ஒரு பக்கம் உருண்டுகொண்டிருந்தது. ஐந்து நிமிடத்தில் நான் எழும்பிப் பார்க்கிறேன், கோட்டையில் அவர்களின் கொடி.

மூன்று வருட உழைப்பை முப்பது நிமிடத்தில் தொலைத்த மாமனை மன்னிக்கச் சொல்லிக் கேட்க வாய் வரவில்லை. கோட்டையைவிட எனக்கு இரண்டு விடயம்தான் மனதை அரிக்கிறது. ஒன்று, அந்தத் தம்பிக்கு என்ன நடந்தது என்பது. உண்மையான பெயரும் தெரியாது, ஊரும் தெரியாது. போய் விசாரிக்க ஒரு படலை இல்லை. மற்றது, இதோடு நீரும் நானும் பழையபடி "ஓம் மாமா"வுக்குப் போய்விடுவோமோ என்ற பயம். இதைப் போனில் சொல்லலாம் என்றால் மாமி பக்கத்தில் நிற்பாள். போதாததற்குச் சோளகக் காற்றுக்கு நேற்றுத் தொடக்கம் சிவபாதத்தின் லைனும் இல்லை. அதனால்தான் கடிதம். இனி அந்தக் கொம்பியூட்டர்ப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை என்று அந்தோனியாருக்கு நேர்ந்துவிட்டேன், இந்த முறை உண்மையான மெழுகுதிரியோடு, உண்மையான கோயிலில். நிலக்சனாவுக்கு மட்டும் ஒன்றும் சொல்ல வேண்டாம். சத்தியத்தை மீறிய தகப்பன் என்று பிள்ளை நினைக்கக்கூடாது.

மகளுக்கும், வரப்போகும் பிள்ளைக்கும், உமக்கும் எங்கள் ஆசீர். மாதா துணை நிற்பாராக.

இப்படிக்கு,
வாசல் திறந்த மாமா,
ம. பஸ்ரியாம்பிள்ளை

பிற்குறிப்பு (சனிக்கிழமை): ஒட்டிய கவரைத் தேத்தண்ணிக் கேத்திலின் ஆவியில் பிடித்துப் பிரித்து இதை எழுதுகிறேன். லைன் வந்து, நேற்று நீர் போன் எடுத்துப் பேத்தி பிறந்த செய்தி சொல்லி, போனை நிலக்சனாவின் கையில் கொடுத்தீர் அல்லவா. அவள் எடுத்தவுடன் கேட்டது உமக்குக் கேட்டதோ தெரியாது. "கண்ணுக்கு மருந்து விட்டாச்சோ?" என்றாள். நானும் பழக்க தோசத்தில், "விட்டாச்சு தம்பி" என்றேன். பிறகு அவள் சிரித்த சிரிப்பில் எனக்கு எல்லாம் விளங்கியது. மூன்றாவது அம்பு விடும் நேரம்தானாம் பிள்ளைப்பேற்று நோ தொடங்கியது. இரண்டரை மாதம் பெற்ற மகளைத் தாடியோடு பார்த்தும் கண்டுபிடிக்காத கண்ணுக்கு என்னத்துக்கு மருந்து, சொல்லும் பார்ப்போம். "பிள்ளை பெத்துக்கொண்டு கிடந்தவளுக்கு இஞ்சை இருந்து செத்தவீடு நடத்தினீங்களோ!" என்று மாமி நேற்றிலிருந்து என்னோடு கதைப்பதில்லை, குழம்பில் மீனே இல்லை. நீரோ கோட்டையைப் பற்றி ஏசவே இல்லை, "அது கிடக்கட்டும் மாமா, புதுசை எங்கை கட்டுவம் எண்டு யோசியுங்கோ" என்று இருபது நிமிடம் கதைத்தீர். யோசித்துவிட்டேன். ஏரிக்கரையில் கட்டுவோம். நேர்த்திக்கடனை நான் அந்தோனியாரோடு தனியாகக் கதைத்துத் தீர்க்கிறேன். மகளுக்குச் சொல்லும்: வள்ளம் அங்கேதான் கட்டிக் கிடக்கிறது, அணியத்தில் இரண்டு பேர் இருக்க இடம் காணும்.