அண்ணாச்சி படத்துக்கு ஒரு பீடி

இறந்துபோன ஒருவரை மறுபடியும் பீடி குடிக்க வைக்கப் பார்த்த பாவி நான். அதுவும் அவர் வீட்டிலேயே, அவர் படத்துக்கு முன்னால், பட்டப்பகலில்.

எழுபதுகளின் கடைசியில் தென்காசி ஜவுளிக்கடை ஒன்றில் பில் எழுதிக்கொண்டிருந்தேன். புகைப்பழக்கத்தை விட்டுவிட நினைத்த நாலு பேர், ஒருவரையொருவர் பார்க்காமலே, வாராவாரம் போஸ்ட்கார்டில் 'இன்று இத்தனையாவது நாள்' என்று எழுதித் தைரியம் சொல்லிக்கொள்வோம். மூத்தவர் வாசுதேவநல்லூர் அண்ணாச்சி, ஒரு வருடமாகப் பீடியைத் தொடாதவர். என் மனைவி செண்பகமோ கோபித்துக்கொண்டு செங்கோட்டையில் தாய்வீட்டில் இருந்தாள். நான் விட்டு நூறு நாள் ஆகிவிட்டது என்று அந்த அண்ணாச்சி எழுதிய கார்டு வந்தால்தான் திரும்பி வருவாளாம். (என் சத்தியத்துக்கு அவளிடம் அவ்வளவுதான் மதிப்பு.)

நானும் ஒழுங்காக எண்ணினேன், நாட்களை மட்டும். சாயங்காலமானால் சைக்கிளில் குற்றாலம் போய், சாரலில் மலையே தெரியாத இடமாகப் பார்த்து நின்று ஊதுவேன். எது புகை, எது மேகம் என்று எனக்கே தெரியாது. அங்கேயே, வாயில் சிகரெட்டோடு, 'நாள் எழுபது, ஆசையே வரவில்லை' என்று கார்டும் எழுதுவேன்.

எண்பதாவது நாள், நாலு பேரில் ஒருவரான கடையநல்லூர் பாய் எழுதியிருந்தார், அண்ணாச்சி மாரடைப்பில் போய்விட்டார் என்று. எனக்கு அழுகை வந்தது. இனி நூறாவது நாள் கார்டை யார் எழுதுவார் என்ற கவலையும் வந்தது. (எது முதலில் வந்தது என்று கேட்காதீர்கள்.)

அடுத்த திங்கட்கிழமை அண்ணாச்சியிடமிருந்து கார்டு வந்தது. அதே சாய்ந்த கையெழுத்து. இரண்டு நாளைக்கு முன் குத்திய முத்திரை. 'தம்பி, நீ இன்னும் விடவில்லை. எனக்குத் தெரியும்.'

அன்று குற்றாலத்தில், மேகத்துக்குள் எனக்கு மிக அருகில் யாரோ இருமினார்கள். போய்ப் பார்த்தால் ஆளில்லை, பீடி வாசம் மட்டும் இருந்தது. மறுவாரக் கார்டில், 'பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்' என்றிருந்தது. பயம் தெளிய ஒன்று பற்றவைத்தேன்.

எங்கள் பக்கம் சுடலைமாடனுக்கே சுருட்டு படைப்பார்கள். ஆசையை அடக்கிக்கொண்டு போனவர் அலைகிறார், ஒரு பீடி படைத்தால் அடங்கிவிடுவார் என்று என் மூளை கண்டுபிடித்தது. ஒரு கட்டு பீடியோடு வாசுதேவநல்லூருக்கு பஸ் ஏறினேன்.

துக்கம் விசாரிக்க வந்தவன் என்று நினைத்து, அண்ணாச்சியின் மனைவி என்னை உட்காரச் சொல்லிவிட்டுக் காப்பி போட உள்ளே போனார். மத்தியானம்தான், ஆனால் மேகம் கட்டி வீடே இருண்டிருந்தது. மாலை போட்ட படத்திலிருந்து அண்ணாச்சி என் சட்டைப்பையையே பார்த்தார். பீடியைப் பற்றவைத்து (படையல் என்றாலும் ஒரு இழுப்பு இழுத்தால்தானே பற்றும்) அவர் முன்னால் வைத்து, "அண்ணாச்சி, இதைக் குடிச்சிட்டுப் போயிருங்க" என்று கும்பிட்டேன். புகை மேலே ஏறி, அவர் உதட்டிலிருந்து வருவது போலவே கண்ணாடியில் பரவியது.

பின்னால் டம்ளர் விழுந்தது.

"விட்ட மனுசனை, செத்த பொறவு குடிக்க வைக்கியளா தம்பி?"

உளறிக்கொண்டே கார்டுகளை நீட்டினேன். அண்ணாச்சிக்கு எழுதத் தெரியாதாம். முதல் கார்டிலிருந்தே அவர் சொல்லச் சொல்ல எழுதியது இந்த அம்மாதான். தென்காசித் தம்பி நிஜமாக விடும்வரை கார்டை நிறுத்தாதே என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

நான் விடவில்லை என்று எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். ஒரு தகர டப்பாவைத் திறந்து காட்டினார். உள்ளே என் கார்டுகள், மூலைக்கு மூலை நெருப்புப் பொத்தலோடு. குப்பென்று என் சிகரெட் நாற்றம் அடித்தது.

"ஆசை வந்தா, அவுக ஒங்க கார்டை எடுத்து மோந்து பாத்துத்தான் அடக்கிக்கிடுவாக."

வெட்கத்தில் செத்தேன். அந்தப் பீடியை என் கையாலேயே அணைத்தேன். அன்றைக்குத்தான் எனக்கு உண்மையான முதல் நாள். நூறு நாள் கழித்து அண்ணாச்சி பேரில் கார்டு வந்தது, செண்பகமும் வந்தாள். (குற்றாலத்தில் இருமியது யாரென்று மட்டும் இன்றுவரை தெரியாது.)

எனக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. வீட்டில் யார் ஊதுபத்தி கொளுத்தினாலும் செண்பகம் பேரன் பேத்திகளைக் கூட்டிவைத்து அந்தக் கதையைச் சொல்லி, கடைசியில் என் பக்கம் திரும்புவாள்.

"நாளைக்கு ஒங்க படத்துக்கு முன்னால ஊதுபத்தி கூடக் கிடையாது. வெறும் பூதான், சொல்லிட்டேன்."