நம்பரை மட்டும் தரமாட்டார்

மதுரையில் நாலு பேர் கூடி டீ குடித்தால், அதில் ஒருவர் 'நம்ம ஆளு'க்காரர். இந்தப் பிறவியைக் கண்டுபிடிப்பது ரொம்பச் சுலபம். கலெக்டர் என்று பேச்செடுங்கள், "நம்ம ஆளுதான்" என்பார். கண் டாக்டரா? நம்ம ஆளுதான். நிலாவுக்கு ராக்கெட் விட்டவரா? அவரும் எழுமலைப் பக்கம் பெண் எடுத்திருப்பார், ஆகவே நம்ம ஆளுதான். உலகத்து ஜனம் அத்தனையும் இவருடைய செல்போனுக்குள் நெருக்கியடித்து, ஜன்னலோர சீட்டுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருக்கும். ஆனால் அதில் ஒரே ஒரு நம்பரைக் கேட்டுப் பாருங்கள். தருவாரா? சொத்தில் பாதியை எழுதி வைத்தாலும் வைப்பார், அதைத் தரமாட்டார்.

எங்கள் தெருவில் அவர் பெயர் பீர் முகமது. பாத்திரக்கடைக்காரர். அவரிடம் போய் மாட்டினாள் எதிர்வீட்டு ஆன்சி. கல்லூரியில் கடைசி வருஷம். சீமைக்கருவேல மரத்தைப் பற்றி ஆராய்ச்சி. விஷயம் தெரிந்த ஒருவரைப் பேட்டி எடுத்து வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தால்தான் மேடம் கையெழுத்துப் போடுவார். இல்லாவிட்டால் படிப்பு அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போகும். திருமங்கலத்தில் ராயப்பன் என்று ரிட்டயர்டான தாவரவியல் பேராசிரியர் ஒருவர் இருப்பதாக அவளுக்குக் கேள்வி.

"யாரு, ராயப்பன் சாரா? நம்ம ஆளுதாம்மா!"

"அப்ப நம்பர் குடுங்க அங்கிள், நானே பேசிக்கிறேன்."

"நீயா? பெரிய மனுசனுக்கு எடுத்தொடனே போனப் போட்டா என்ன நெனப்பாரு? நான் சொல்லிவிடுறேன். நீ நிம்மதியாத் தூங்கு."

பீர் முகமது தன் மச்சான் பரீத்திடம் சொன்னார். பரீத், டி. கல்லுப்பட்டி உரக்கடைக்காரரிடம் சொன்னார். உரக்கடைக்காரர், பேராசிரியரின் சம்பந்தியிடம் சொன்னார். வழியில் மரம் உதிர்ந்தது, பேட்டி உதிர்ந்தது, ஆன்சியின் பெயரும் உதிர்ந்தது. மிஞ்சியது ஒன்றுதான்: "நமக்கு வேண்டிய பொண்ணு, பாத்துச் செய்யுங்க."

ஆன்சி தினமும் கடைவாசலில் நின்றாள்.

"என்ன அங்கிள் ஆச்சு?"

"சொல்லியாச்சும்மா."

"சார் என்ன சொன்னாரு?"

"அவருகிட்டச் சொல்லச் சொல்லிச் சொல்லியிருக்கு!"

வியாழக்கிழமை காலையில் பொறுமை தீர்ந்து, பேராசிரியரின் பெயரைப் போனில் தட்டினாள். மனுசன் செடிகொடி பற்றி வீடியோ போட்டிருக்கிறார். பார்த்தவர்கள் அவர் வீட்டு ஆட்கள் மட்டும். அடியில் கொட்டை எழுத்தில், 'சந்தேகம் இருந்தால் கூப்பிடுங்கள்' என்று நம்பர்! கூப்பிட்டாள். பாதி மணியிலேயே எடுத்தார்.

"சீமைக்கருவேலமா? எப்ப வர்ற? இப்பவே வாரியா?"

போனாள். வேரில் ஆரம்பித்து முள் வரைக்கும் பேசினார், பேசினார், திருமங்கலத்தில் அன்றைக்குப் பொழுதே சாய மறந்திருக்கும். நடுவில் ஒரு புலம்பல்.

"நாலு நாளா நிம்மதி இல்லம்மா. யாரோ ஒரு பொண்ணுக்குப் பாத்துச் செய்யணுமாம், அம்புட்டுப் பேரும் மாத்தி மாத்திக் கூப்புடுறாங்ய. காலேஜுல சீட்டுக்குச் சிபாரிசுன்னு பயந்துபோயி தெரிஞ்ச நம்பர் எதையும் எடுக்குறதே இல்ல. உன்னோடது தெரியாத நம்பரு, அதான் எடுத்தேன்."

"அந்தப் பொண்ணு நான்தான் சார்."

வெள்ளிக்கிழமை கையெழுத்து வாங்கிய கையோடு ஆன்சி நேரே பாத்திரக்கடைக்குப் போனாள்.

"அங்கிள், நீங்க சொல்லிவிட்டதாலதான் அவரு போனையே எடுக்கலையாம்!"

பீர் முகமது கூசினாரா? கடையில் இருந்த அண்டா குண்டா அத்தனையும் அதிரும்படி சிரித்தார்.

"பாத்தியா, நம்ம பேச்சுக்கு அங்க எம்புட்டு மரியாதைன்னு! உன் ஆராய்ச்சியில நன்றி சொல்ற பக்கத்துல நம்ம பேரு இருக்குல்ல?"

நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்? போன வாரம் ஒரு பிள்ளை உங்களிடம் யாருடைய நம்பரோ கேட்டதே. "நீ போன் போட வேணாம், நானே ஒரு வார்த்தை சொல்லிடுறேன்" என்றீர்களே.

சொன்னீர்களா?