பலிக்கு ஒரு ஃபைல்

முதல் ஷிஃப்ட் முடிந்து குவார்ட்டர்ஸுக்கு வந்த மதிவாணன் டிவியைப் போட்டதும் தலையில் கை வைத்தார்.

"சத்யா! திரும்பவும் முதல் ஃபைலைக் காணும்! இன்னொரு தடவை உக்காந்து அடிக்கணும்!"

"நான் என்னங்க பண்ணுவேன்? அது ஓட்டைக் கம்ப்யூட்டர்."

டிவியில் மாட்டினால்தான் ஓடும் பழங்காலத்துக் கம்ப்யூட்டர் அது. ஆறு மாதமாக மாலை நேரத்து டிவி அவருடையது; சத்யாவுக்கு சீரியல் கிடையாது. கட்டளைகளையெல்லாம் காலண்டர் அட்டையில் எழுதிப் பக்கத்திலேயே மாட்டியிருந்தார். சுரங்கத்து ராட்சதச் சக்கரம் நிலக்கரி வெட்டுகிற விளையாட்டு ஒன்றை அதில் எழுதிக்கொண்டிருந்தார். ஞாயிறன்று கிளப்பில் பழைய கம்ப்யூட்டர் கண்காட்சி. மைன்ஸ் பஸ்ஸில் பார்த்தவரிடமெல்லாம் சொல்லித் தொலைத்திருந்தார். விளையாட்டு ஓடாவிட்டாலும், ரிட்டயர் ஆகும்வரை அதே பஸ்ஸில்தான் போயாக வேண்டும்.

இணையத்தில் தேடினார். சில பழைய கம்ப்யூட்டர்களில் 'பக்' என்று ஒரு பிழை உண்டாம். பட்டியலில் முதலில் இருக்கும் ஃபைலைத் தானே விழுங்கிவிடுமாம். வைத்தியமும் போட்டிருந்தது: பலிக்கென்று ஒரு வெற்று ஃபைலை முதலில் வைக்க வேண்டும். வாயில் வந்த பேரைப் போட்டு வைத்தார். அங்கேதான் வினை.

"ஏங்க, யாரு இந்த அன்பு?"

"டைம் ஆபீஸ்ல அன்புக்கரசின்னு ஒருத்தங்க... சின்னப் பேரா இருக்கேன்னு போட்டேன். உள்ள ஒண்ணுமில்ல, காலி ஃபைலு."

"காலியா இருக்கற எடத்துக்குத்தானே ஆள் புடிப்பாங்க!"

மறுநாள் அன்பு அழிந்திருந்தது. விளையாட்டு பத்திரம். மதிவாணனுக்கு ஒரே குதூகலம்; சாம்பாரில்தான் உப்பில்லை.

வீட்டு அமைதியை உத்தேசித்து அடுத்த பலிக்குத் தன் அம்மா பேரையே வைத்தார். மறுநாள் கஸ்தூரியும் காலி. சாயங்காலமே சேத்தியாத்தோப்பிலிருந்து போன்.

"ஏண்டா, தெனம் என் பேர எழுதி அழிச்சிகினு இருக்கியாமே? நான் இன்னும் உசுரோடதான்டா இருக்கேன்!"

"யாரும்மா சொன்னது?"

"ஒம் பொண்டாட்டிதான், பாவம், அழுவுது!"

வெள்ளிக்கிழமை. விளையாட்டைக் காப்பாற்ற வேறு பேர் கிடைக்கவில்லை. நெஞ்சைத் திடப்படுத்திக்கொண்டு 'சத்யா' என்று வைத்தார்.

"கட்டின பொண்டாட்டியையே பலி குடுக்கறீங்களா?" அன்று அடுப்பு பற்றவில்லை.

சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்து பயந்துகொண்டே பார்த்தார். சத்யா அப்படியே இருந்தது. விளையாட்டும் அப்படியே இருந்தது. மதிவாணனுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஞாயிறன்று கிளப்பில் சக்கரம் சுழன்றது, நிலக்கரி கொட்டியது, கைதட்டல். மதிவாணனுக்குத் தலைகால் புரியவில்லை.

"எல்லாரும் குறிச்சுக்கங்க. முதல் ஃபைலுக்குப் பொண்டாட்டி பேரை வைங்க. பக்குக்கே பயம் வந்துடும்!"

பக்கத்தில் நின்ற சத்யப்பிரியா அடக்கமாகச் சிரித்தாள்.

கண்காட்சி நடத்த கடலூரிலிருந்து வந்திருந்த சுபாஷ், கம்ப்யூட்டரைத் திருப்பி அடியில் இருந்த மாடல் நம்பரைப் படித்தார்.

"சார், பக் இருந்த மாடலுக்கு அப்புறம் வந்தது இது. இதுல அந்த பக்கே கிடையாது. யாராச்சும் உக்காந்து கையால அழிச்சாத்தான் உண்டு."